கஞ்சி கிண்ட ஆள் தேவை

கூசிநியெமி, ஜனவரி 13

மாரித் அவர்களுக்கு,

"சொல்ல வேண்டியதை எழுத்தில் கொடுங்கள்" என்று நவம்பரில் சொன்னீர்கள். இதோ எழுத்து. கோபம் ஆறட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

பதினோரு வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நீங்கள் தலைமையாசிரியை, நான் சமையல்காரி. இந்த நாட்டில் கூட வேலை பார்க்கிற எல்லோரையும் போல நீ, வா, போ என்றுதான் பேசிக்கொண்டோம். எச்சரிக்கைக் கடிதத்தில்தான் முதன்முதலாக என்னை 'நீங்கள்' ஆக்கினீர்கள். சரி, எனக்கும் மரியாதை தெரியும் என்று காட்டிக்கொள்கிறேன்.

நான் செய்த குற்றம் இவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு என்னியைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, உருளைக்கிழங்குப் பெட்டிமேல் உட்காரவைத்துச் சோறு போட்டேன். சுகாதாரச் சான்றிதழ் இல்லாத ஆள் உள்ளே இருப்பதை நகராட்சி ஆய்வாளர் பார்த்தார், எழுதினார். நீங்கள் என்னை எச்சரித்தீர்கள். நான் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன். இங்கே யாரும் எச்சரிப்பதில்லை. உப்பு போதவில்லை என்று மட்டும் சொல்கிறார்கள்.

ஆனால் எதற்காக அவளை உள்ளே கூப்பிட்டேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

எச்சில் தட்டு வாங்கும் சன்னலுக்குப் பின்னால் நிற்கிறவளுக்குச் சாப்பாட்டுக் கூடம் முழுக்கத் தெரியும். என்னி தட்டோடு வந்து உட்காருவாள். அந்த மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். சத்தமில்லை, சண்டையில்லை. ஒரு நிமிடத்தில் மேசை காலி. இரண்டு வருடம் தினமும் இதுதான். முதல் வருடம் நானும் தப்பாகவே நினைத்தேன், 'அந்தப் பொண்ணுக்குத் தனியா இருக்கப் பிடிக்கும் போல' என்று. நம் ஆட்கள் அப்படித்தானே. பஸ் நிறுத்தத்தில் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறவர்கள். ஒருவரை நிம்மதியாக விட்டுவிடுவதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள். நீங்களும் அவள் பதிவுத் தாளில் 'மாணவி தனிமையை விரும்புகிறார்' என்று எழுதிவைத்தீர்கள். அவள் அப்படி விரும்பியதாக யாரிடம் சொன்னாள்?

நான் போன மறுவாரத்திலிருந்து அவள் பள்ளிக்கே வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் அப்பா ஏசாவைப் பெட்ரோல் போடும் இடத்தில் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டார். என்ன செய்வதாக உத்தேசம்?

ரைலி


ஹாபலஹ்தி, ஜனவரி 21

ரைலி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் இப்போது பள்ளி ஊழியர் அல்ல. ஒரு மாணவியைப் பற்றி உங்களுக்கு ஒரு வரிகூட எழுத எனக்கு உரிமை இல்லை. இதை எழுதி உறையை ஒட்டவும் செய்தேன். பிறகு உறையைக் கிழித்துவிட்டு ஏசாவை வரச் சொன்னேன். அவர் அனுமதித் தாளில் நின்றபடியே கையெழுத்திட்டார்.

"ரைலிகிட்ட என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அவங்க பேரைச் சொன்னாத்தான் எம் பொண்ணு தலையைத் தூக்குறா," என்றார்.

அதனால் எழுதுகிறேன். நவம்பரிலிருந்து நான்கு கூட்டம் போட்டோம். என்னி எதற்கும் வரவில்லை. நம் மாணவர் நல அலுவலர் யூஹோ மூன்று தடவை வீட்டுக்குப் போனார். கதவுக்குப் பின்னாலிருந்து "வேணாம், நன்றி" என்ற பதில்தான் வந்தது. ஏசா வீட்டிலிருந்த மாத்திரைகளையும் கத்திகளையும் எடுத்து, தான் ஓட்டும் நகராட்சிப் பனி அள்ளும் வண்டியில் பூட்டி வைத்திருக்கிறார். செவிலியர் வாரம் இரண்டு முறை போகிறார். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் எதைப் பற்றிப் பயப்படுகிறோம் என்று உங்களுக்கே புரியும்.

மே மாத இறுதிக்குள் அவள் ஒன்பதாம் வகுப்பை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் சான்றிதழ் இல்லை, மேல்படிப்புக்கு இடமும் இல்லை. அந்த அறையைவிட்டு வெளியே வர அவளுக்கு ஒரு காரணமும் மிஞ்சாது.

எச்சரிக்கைக் கடிதம் விதிப்படிதான் கொடுத்தேன். விதியை நான் எழுதவில்லை. இந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தால் எனக்கே நன்றாக இல்லை, ஆனாலும் அடிக்கவில்லை.

சமையலறையில் அவள் உங்களிடம் என்ன பேசினாள்? திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். பதில் மட்டும் போடுங்கள்.

மாரித்


கூசிநியெமி, ஜனவரி 28

மாரித் அவர்களுக்கு,

மாத்திரை விஷயம் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இருபது பேருக்கு மீன் சூப் வைத்தேன். ஒருவர்கூட உப்பைப் பற்றிப் பேசவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

கேட்டதற்குப் பதில். தினமும் அந்தப் பெட்டிமேல் வந்து உட்கார்ந்தாள், முதல் மூன்று வாரம் எதுவுமே பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் நான் பெரிய பானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது, "ரைலி, அடிப்பிடிக்குது" என்றாள். அதுதான் முதல் பேச்சு. கரண்டியைக் கையில் கொடுத்தேன். பொறுமையாகக் கிண்டினாள். கரண்டி கையிலிருந்தால் அந்தப் பெண்ணுக்கு வாய் வரும். மின்கம்பியைப் பற்றி, அவள் அப்பா வண்டியின் விளக்குகளை அவளே மாற்றிப் போட்டதைப் பற்றி, எல்லாம் பேசினாள். மேசை விஷயத்தை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

"யாரும் என்னைத் திட்டல, ரைலி. அடிக்கல. அதான் கஷ்டம். திட்டினாப் போய்ச் சொல்லலாம். 'எழுந்து போனாங்க'ன்னு போய்ச் சொன்னா, சிரிப்பாங்க."

"யூஹோகிட்டச் சொல்லேன், நல்ல பையன்தானே," என்றேன்.

"அவர் ரூமு எங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

போய்ப் பார்த்தேன். நீங்களும் எழுந்து போய்ப் பாருங்கள். நீளமான நடைபாதையின் கடைசியில், ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு நேர் எதிரே. வாசலில் சிவப்பு விளக்கு வேறு. உள்ளே ஆள் இருந்தால் எரிகிறது. அந்தக் கதவைத் தட்டுகிற பிள்ளைக்குத் தைரியம் இருந்தால், யூஹோவே தேவைப்பட்டிருக்காது.

அந்த அறையை மாற்றுங்கள். காலையில் சூடாகக் கஞ்சி ஊற்றுங்கள். பசியோடு வருகிற பிள்ளைகள் நம் ஊரில் இல்லை என்று நினைக்காதீர்கள், தட்டு பார்த்தவள் சொல்கிறேன். கஞ்சிக்கு வருகிறவனை எவனும் 'எதுக்குப் போற' என்று கேட்கமாட்டான். யூஹோவை அங்கே நிறுத்துங்கள்.

எச்சரிக்கை வாங்கிய சமையல்காரியின் யோசனை. எடுத்தால் எடுங்கள், விட்டால் விடுங்கள்.

ரைலி


ஹாபலஹ்தி, பிப்ரவரி 9

ரைலி,

உன்னை 'நீங்கள்' என்று எழுத இனி எனக்கு முகமில்லை. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காதே.

போன வாரம் முழுக்கச் சாப்பாட்டுக் கூடத்தில் தூணோரம் என்னி உட்காரும் அந்த மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். திங்கள்கிழமை யாரும் பக்கத்தில் வரவில்லை. தலைமையாசிரியை என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை ஆசிரியர்கள் தட்டோடு வந்தார்கள், என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள், மரியாதையாகத் தாண்டிப் போனார்கள். புதன்கிழமை தட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே போய்விடலாமா என்று பார்த்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது, சம்பளம் வருகிறது, இந்தக் கட்டடத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. எனக்கே மூன்று நாள் தாங்கவில்லை. அவள் இரண்டு வருடம் தாங்கினாள்.

வியாழக்கிழமை ஆசிரியர் அறையில் கேட்டேன், ஏன் ஒருத்தரும் என்னோடு உட்காரவில்லை என்று.

"நிம்மதியாச் சாப்பிடட்டும்னு விட்டோம்," என்றார்கள். எல்லோரும் நல்லவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்களில் முதல் ஆள் நான்தான். 'தனிமையை விரும்புகிறார்' என்று அந்தத் தாளில் எழுதியது என் கைதானே.

உன் எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழிக்க முடியாது, அது நகராட்சிக் கோப்பில் இருக்கிறது. ஆனால் அதன்மேல் இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். முதல் கடிதம் தவறு, தவறு என்னுடையது என்று கையெழுத்திட்டிருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. மன்னித்துக்கொள் என்று நேரில் சொல்லியிருக்க வேண்டும். நீ தொலைபேசியை எடுப்பதில்லை.

இனி கஞ்சி விஷயத்துக்கு வருகிறேன். பத்தரை மணிக்கு முன் பள்ளிச் சமையலறையில் எதுவும் பரிமாறக்கூடாது என்று உணவுத் துறை சொல்லிவிட்டது. விதிப்புத்தகத்தை இரண்டு நாள் புரட்டினேன். அது சமையலறைக்கு மட்டும்தான். மனையியல் வகுப்பு சமையலறை ஆகாது. அங்கே ஆறு அடுப்பு இருக்கிறது. விதியை நான் எழுதவில்லை என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, படிக்கவாவது எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நானும் யூஹோவும் ஒத்திகை பார்த்தோம். பானை கரிந்துவிட்டது. தீயணைப்பு மணி அடித்து, முந்நூறு பிள்ளைகள் பனியில் வரிசையாக நின்றார்கள். எப்படிச் செய்வது என்று எழுது.

மாரித்


கூசிநியெமி, பிப்ரவரி 16

மாரித்,

சிரிக்காதே என்றாய், முடியவில்லை. மணி அடித்த இடத்தைப் பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார்கள்.

மற்ற விஷயத்துக்கு நான் சிரிக்கவில்லை. நகலைப் படித்தேன், பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மன்னிப்பா என்று கேட்டால், கொஞ்சம் பொறு. உன்மேல் என்று நினைத்த கோபத்தில் பாதி என்மேல் உள்ளது. ஏப்ரனைக் கழற்றி மாட்டியபோது என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவளை நானும்தான் விட்டுவிட்டுப் போனேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது கஞ்சி. பால் ஊற்றுவதற்கு முன் பானையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசு, துடைக்காதே. தீயைக் குறை. ஓட்ஸ் போட்டபின் உன் கைப்பேசியைப் பார்க்காதே. கிண்ணத்தில் ஊற்றி நடுவில் வெண்ணெய் வை, தாராளமாக வை, உன் வீட்டு வெண்ணெயா அது?

பிள்ளைகளிடம் "எப்படியிருக்கே?" என்று கேட்காதே. நம் ஊர்ப் பிள்ளை "நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஒரு வேலை கொடு. கிண்ணம் எடுத்து வை, கிண்டு, துடை. கை வேலை செய்யும்போது தானாகப் பேசுவார்கள், அப்போது யூஹோ வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும்.

அந்த மேசையைக் காலி செய்தவர்களை என்ன செய்தாய்? அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே. கஞ்சி ஊற்றிவிட்டால் அது தீர்ந்துவிடாது.

ரைலி


ஹாபலஹ்தி, மார்ச் 16

ரைலி,

கஞ்சிக்கு முதல்நாள் ஏழு பேர். அதில் இருவர் மணி அடிக்குமா என்று பார்க்க வந்தவர்கள். இன்று அறுபத்து நான்கு. பழைய துணி அறையை யூஹோவுக்குக் கொடுத்துவிட்டேன், மனையியல் வகுப்புக்கு உள்ளேயே அதற்குக் கதவு. சிவப்பு விளக்கை நானே ஏணி போட்டுக் கழற்றினேன். மூன்று வாரத்தில் பதினான்கு பிள்ளைகள் கிண்ணத்தோடு அந்தக் கதவுக்குள் போயிருக்கிறார்கள். போன வருடம் முழுக்க ஐந்து பேர். ஒரு பையனுக்கு வீட்டுக்குப் போகவே பயம் என்று இப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்று அவன் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறான். அந்தப் பையனுக்காக மட்டுமாவது உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மேசை விஷயத்தைத் தள்ளிப்போட்டேன், நீ சொன்னது சரி. கடினமான வேலை அது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, பெற்றோரோடு கூப்பிட்டேன். "நான் ஆரம்பிக்கல" என்றார்கள் ஒன்பது பேர். பத்தாவதாக வந்த நெல்லி என்ற பெண் மட்டும் அழுதாள். "நான்தான் முதல்ல எந்திரிச்சேன். ஏன்னு எனக்கே ஞாபகமில்ல. அப்புறம் உக்காந்தா என்னையும் அப்படிப் பண்ணுவாங்கன்னு பயம்," என்றாள். இப்போது எல்லா மேசையிலும் ஒரு ஆசிரியர் உட்கார்ந்து சாப்பிடுகிறார். யாராவது எழுந்தால், "எங்க போற, தட்டுல பாதி கிடக்கு" என்கிறார். பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள், உட்காருகிறார்கள்.

எல்லாம் நடக்கிறது, என்னி மட்டும் வரவில்லை. நானே போனேன். மாடிப்படியில் நின்று, பள்ளி மாறிவிட்டது என்று அரைமணி நேரம் பேசினேன். அறிக்கை வாசித்தது போல இருந்திருக்கும். கதவு திறக்கவில்லை. இன்னும் பத்து வாரம் இருக்கிறது, ஏழு பாடம் பாக்கி. எனக்குப் பயமாக இருக்கிறது, ரைலி.

மாரித்


கூசிநியெமி, மார்ச் 30

மாரித்,

நேற்று பஸ் பிடித்துப் போய் வந்தேன். குருத்தோலை ஞாயிறு என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. வழியெல்லாம் சின்னப் பிள்ளைகள் சூனியக்காரி வேடத்தில், வீடு வீடாகப் பாட்டுப் பாடி, அலங்கரித்த வில்லோ மரக் குச்சியைக் கொடுத்து மிட்டாய் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏசா காபி போட்டார். நான் மாடிக்குப் போகவில்லை, கூப்பிடவும் இல்லை. கீழேயே உட்கார்ந்து முதியோர் இல்லத்துக் கதைகளை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே பலகை கிறீச்சிட்டது, கேட்கிறாள் என்று தெரிந்தது. அவ்வளவுதான், வரவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. எனக்கும் நம்பிக்கை போய்விட்டது.

அப்போது வாசல் மணி அடித்தது. ஐந்து வயதுச் சூனியக்காரி ஒன்று, மூக்கில் புள்ளி வைத்துக்கொண்டு, வாழ்த்துப் பாட்டு முழுவதையும் பாடி முடித்துக் குச்சியை நீட்டியது. இந்த வீட்டில் மிட்டாய் இல்லை. ஏசா சட்டைப்பையைத் தட்டினார், நான் கைப்பையைக் கொட்டினேன், இருமல் மாத்திரைதான் இருந்தது. குழந்தையின் உதடு துடிக்க ஆரம்பித்தது.

மேலே கதவு திறந்தது. என்னி தடதடவென்று இறங்கி வந்தாள், கையில் பாதி சாக்லேட். குழந்தையின் கூடையில் போட்டாள். "அழாத. பாட்டு நல்லா இருந்துச்சு," என்றாள். தொப்பியைச் சரிசெய்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள், நாங்கள் இருவரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. காபி ஆறுது," என்றேன்.

உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் உண்மையை மட்டும் சொன்னேன். நான் விட்டுவிட்டுப் போனது தப்பு என்றேன். மாரித்தின் கஞ்சி கட்டி கட்டியாக இருக்கிறது என்று கேள்வி, விடியற்காலையில் கிண்ட ஆள் தேவை என்றேன்.

"பாவம் பாத்துக் கூப்பிடுறீங்களா?"

"பாவம் கஞ்சியைச் சாப்பிடுறவங்கதான்."

சிரித்தாள், மாரித். வருகிறேன் என்று சொல்லவில்லை. எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைப்பீர்கள் என்று கேட்டாள்.

ரைலி


ஹாபலஹ்தி, ஏப்ரல் 11

ரைலி,

வந்தாள். ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்கால், ஏசாவின் நகராட்சி வண்டியில். நானும் யூஹோவும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம், ஆரவாரம் செய்யக்கூடாது என்று. யூஹோ கரண்டியை நீட்டினார். அவள் பானைக்குள் பார்த்தாள். "இதைத்தான் ஒண்ணரை மாசமா ஊத்துறீங்களா?" என்றாள். அன்றிலிருந்து பானை அவளுடையது.

வெள்ளிக்கிழமை வரிசையில் நெல்லி வந்தாள். நான் குறுக்கே போகாமல் நின்ற இடத்திலேயே நின்றேன். நெல்லி கிண்ணத்தை நீட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "அன்னைக்கு நான் எந்திரிச்சுப் போனது தப்பு. எல்லா நாளும் தப்பு," என்றாள்.

என்னி வெண்ணெய் வைத்தாள். "தெரியும்," என்றாள். "வரிசை நிக்குது, நகரு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் துணி அறைக்குள் போய்விட்டேன். அங்கே யூஹோ ஏற்கனவே இருந்தார்.

காலையில் கஞ்சி, பிறகு இரண்டு பாடம், பிறகு வீடு. அடுத்த வாரம் மூன்று பாடம். கணக்கும் இயற்பியலும் அவளுக்குத் தூசு. கட்டாயப் பாடமான சுவீடிஷ் மொழிதான் உதைக்கிறது. நெல்லியின் அம்மா சுவீடிஷ் பேசுகிறவள். மேற்கொண்டு நான் எதுவும் செய்யவில்லை, அவர்களே பேசிக்கொண்டார்கள்.

நகராட்சிக் கூட்டத்தில் உன் சமையலறையைப் பற்றிப் பேசினேன். மாணவ உதவியாளர்கள் இருவர், ஏப்ரனும் சான்றிதழுமாக, சமையலறைக்குள் இருக்கலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். ஆகஸ்டில் சமையல்காரி வேலை காலியாகிறது. நான் கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

மாரித்


கூசிநியெமி, மே 4

மாரித்,

தகவலுக்கு நன்றி. விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். இங்கே இரண்டு தாத்தாக்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள், மூன்றாமவர் உப்பைப் பற்றிக் கடைசியாக ஒரு தடவை சொல்லிக்கொண்டார்.

மே கடைசிச் சனிக்கிழமை எனக்கு வேலை, மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. விழாவுக்கு வரமுடியாது. ஒன்று விடாமல் எழுது. உன்னை முழுசாக மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சுவீடிஷ் தேறட்டும், பார்க்கலாம்.

ரைலி


ஹாபலஹ்தி, மே 30, சனிக்கிழமை மதியம்

ரைலி,

விழா முடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது. தலையில் பூச்சரம் மாதிரி எதையோ மாட்டிவிட்டார்கள், அதோடே எழுதுகிறேன்.

சுவீடிஷ் தேறிவிட்டாள். எல்லாம் தேறிவிட்டாள். மின்பணிப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள், இந்த மதிப்பெண்ணுக்கு இடம் உறுதி. இனி எனக்கு மன்னிப்பு நிலுவையில் இருக்கக்கூடாது.

ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். மேசைமேல் நாற்பத்து மூன்று சான்றிதழ். நான் தலைமையாசிரியை ஆனபிறகு ஒரு வசந்தத்தில்கூட முழு வகுப்பும் முடித்ததில்லை. ஒன்றோ இரண்டோ பெயர் எப்போதும் பட்டியலில் இல்லாமல் போகும், நாங்களும் அதைப் பற்றிப் பேசாமல் காபி குடிக்கப் போவோம். இந்த வருடம் எல்லாப் பெயரும் இருந்தது.

ஒவ்வொன்றாக வாசித்தேன். நன்றாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். என்னியின் பெயர் வந்தது. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. தண்ணீர் குடித்தேன். மறுபடி திறந்தேன், வரவில்லை. நானூறு பேர் அந்தக் கூடத்தில். ஒருவரும் அசையவில்லை, இருமவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். ஏசா மட்டும் முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தார்.

மூன்றாவது வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. என்னி எழுந்தாள். யாரும் கூப்பிடாமலே நடந்து வந்து மேடை ஏறினாள். ஒலிவாங்கி என் முன்னால் திறந்தே இருந்தது, அதனால் கடைசி வரிசைவரை கேட்டது.

"மாரித், அழுதுக்கிட்டே இருங்க, பரவாயில்ல," என்றாள். "நான் வந்துட்டேன். குடுங்க."

கொடுத்தேன். கூடம் முழுவதும் எழுந்து நின்றது.

மாரித்